பொழுதுபோக்காக எழுதப்பட்ட கணினி

 

பத்தாம் தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் பணிசெயல் முறைமை பற்றி ஓர் அலகு இருக்கிறது. லினக்ஸ் என்ற பெயரைப் பிள்ளைகள் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னாலுள்ள வரலாறு நமது மாவட்டத்தையும் தொடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம்.

1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தனது 386 கணினிக்காகத் தானே ஒரு பணிசெயல் முறைமையை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு 21 வயது. ஆகஸ்ட் 25ஆம் திகதி அதை மற்றவர்களுக்கு அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக எதுவும் வராது என்றுதான் சொன்னார். இன்று நம்மில் பலருடைய கையிலிருக்கும் அண்ட்ராய்ட் தொலைபேசிக்குள் ஓடுவது அதே லினக்ஸின் கருதான். அதற்கு எட்டு வருடம் முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்திருந்தார். மென்பொருளின் மூல நிரலைப் பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இரண்டும் சேர்ந்த பின்தான் முழுமையான, இலவசமான ஒரு முறைமை கிடைத்தது.

நிரல் எழுத ஒரு தொகுப்பான் வேண்டும். ஈமாக்ஸ் நல்லதா, விஐ நல்லதா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. நம் ஊர் கிரிக்கெட் கழகச் சண்டை தோற்றுப்போகும். எங்களைக் கவர்ந்தது விம் என்ற தொகுப்பானின் கதை. நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலினார் தன் அமிகா கணினியில் சொந்தத் தேவைக்காக எழுதியதை 1991இல் வெளியிட்டார். 1994இல் உகண்டாவின் கிபாலே பகுதிக்குத் தொண்டராகப் போய் ஒரு வருடம் நீர், சுகாதார வேலைகளைப் பார்த்தார். எயிட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிறைந்த இடம் அது. அதன் பிறகு விம் இலவசமாகவே இருந்தது. பயன்படுத்துகிறவர்கள் விரும்பினால் அந்தப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். திரையில் விம் திறக்கும்போதே அந்த வேண்டுகோள் தெரியும். அவர் 2023 ஆகஸ்ட்டில் காலமானார். அந்த வரி இன்னும் பல கணினிகளில் தெரிகிறது. ஸதகதுல் ஜாரியாவைப் பற்றிப் படித்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தப்பியவர்கள் முகாம் முகாமாக உறவுகளைத் தேடி அலைந்தார்கள். இந்த முகாமில் யார் இருக்கிறார்கள், அந்த முகாமுக்கு என்ன தேவை என்று ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. ஒரு முகாமில் உடுப்பு குவிந்து கிடக்கும், அடுத்ததில் பால்மா இருக்காது. அந்த நாட்களில் லங்கா மென்பொருள் மன்றத்தைச் சுற்றியிருந்த நிரலாளர்கள் தொண்டர்களாகக் கூடி ‘சஹான’ என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு என்று அதில் தனித்தனிப் பகுதிகள். பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் போன்ற திறந்த மூலக் கருவிகள் ஏற்கெனவே கையில் இருந்ததால், உரிமத்துக்குப் பணம் தேடி நிற்க வேண்டியிருக்கவில்லை.

சஹானவும் திறந்த மூலமாகவே வெளியானது. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அங்கே போனது. 2006இல் பிலிப்பைன்ஸின் லெய்ட் தீவில் ஒரு கிராமமே மண்சரிவில் புதைந்தபோது அங்கும், 2010இல் ஹெய்ட்டியிலும் பயன்பட்டது. ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூக நலனுக்கான தன் 2006ஆம் ஆண்டு விருதை அதற்கே வழங்கியது.

2014 ஒக்டோபர் 29ஐ நாம் மறக்கவில்லை. கொஸ்லந்த, மீரியபெத்த தோட்டத்து லயன்கள் மலையோடு போன காலை. முதல் நாளில் நூற்றுக்கணக்கானோர் என்று செய்தி வந்தது; பிறகு எண்ணிக்கை மாறி மாறிக் கடைசியில் பெரிதும் குறைந்தது. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள், தாய் தகப்பனின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தெரியாமல் நின்றார்கள். நமது மலைகள் அதற்குப் பிறகும் சரிந்திருக்கின்றன, இனியும் சரியும். அடுத்த முறை அந்தப் பட்டியலை யார் வைத்திருக்கப் போகிறார்கள்? கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருப்பதைவிட, பசறையிலோ ஹாலி-எலயிலோ தோட்டத்துப் பெயர்களையும் லயன் கணக்கையும் அறிந்த, தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த நாலு பிள்ளைகள் இதைக் கற்றிருப்பது மேல் என்பது எங்கள் எண்ணம்.

அதற்குப் புதுக் கணினி தேவையில்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றதால் பலர் பழைய மடிக்கணினிகளை மூலையில் போட்டுவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் லினக்ஸ் நன்றாக ஓடும். ஒரு பென் டிரைவில் ஏற்றி, உள்ளிருப்பதை அழிக்காமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். நம் அலுவலகங்களில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. யுனிகோட் என்பதால், பாமினியில் அடித்த வினாத்தாள் அடுத்த கணினியில் குறியீடுகளாகச் சிதறுகிற தொல்லையும் இல்லை.

அப்படி ஒதுக்கிய மடிக்கணினி யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதைக் காட்டுங்கள்.