ஊசியிலையின் உள்ளே

மலைநாட்டிற் பிரயாணஞ் செய்த நேயர்கள் அங்குள்ள பைனஸ் மரத் தோப்புகளைக் கண்டிருப்பீர்கள். 1970 களிலும் 1980 களிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் புற்றரைகளிலும் பெருமளவில் நாட்டப்பட்ட மரங்கள் அவை. அவற்றின் அடியில் பழுத்துதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோலக் கிடக்கும். மும்மூன்றாய்ச் சேர்ந்த அவ்விலைக் கற்றையொன்றை எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருநாள் என் மேசைமீது வைத்து, "ஐயா, இம்மரத்தின் பெயர் இதன் வயிற்றுக்குள்ளே எழுதப்பட்டிருக்கிறது" என்றார். நானோ கலைப் பட்டதாரி, சரித்திரம் படிப்பித்தவன். ஆயினும் அவர் நுணுக்குக்காட்டியிற் காட்டியதைப் பார்த்தபின், அவ்வெழுத்தை வாசிக்கப் பழகியவர்கள் யாவர் என்று அறியும் ஆவல் என்னை விடவில்லை.

பைன் மரங்களில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. 1753 இல் லின்னேயஸ் அவற்றுட் சிலவற்றுக்குப் பெயரிட்டபோது, ஒரு கற்றையில் எத்தனை ஊசிகள் உள்ளன என்பதையே முதல் அடையாளமாகக் கொண்டார். இரண்டா, மூன்றா, ஐந்தா? எளிய கணக்குத்தான். ஆனால் ஒரே மரத்தில் இரண்டும் மூன்றும் கலந்து வந்தால் என் செய்வது? கூம்பைப் பார்க்கலாம். கூம்பில்லாத உலர்ந்த கிளையொன்று தபாலில் வந்து சேர்ந்தால்?

இத்தகைய கிளைகள் பல வந்து சேர்ந்த மேசை ஒன்று அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரில் இருந்தது. அதற்குரியவர் ஜோர்ஜ் எங்கெல்மன் என்னும் மருத்துவர். 1809 இல் ஜேர்மனியின் பிராங்போட் நகரிற் பிறந்து, 1832 இல் அமெரிக்கா சென்று, மருத்துவத் தொழிலால் வாழ்ந்துகொண்டே தாவரங்களை ஆராய்ந்தவர். நோயாளரைப் பார்த்து எஞ்சிய நேரத்திலே இத்துணையும் செய்தார் என்பதை நினைக்கும்போது, நேரமில்லை என்று சொல்லும் எம்மனோர்க்கு வெட்கம் வரவேண்டும்.

ஊசியைக் குறுக்கே மிக மெல்லிய சீவலாகச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் என்ன தெரியும்? மூன்று ஊசிக் கற்றையாயின் சீவலின் வடிவம் ஒரு வட்டத்தின் மூன்றிலொரு பங்கு. மூன்றையும் சேர்த்தால் முழு வட்டம். வெளியே தடித்த மேற்றோல். அதன்கீழ், கோட்டை மதில்போல் ஊசிக்கு விறைப்புத் தரும் கலங்களின் அடுக்கு. அதற்கும் உள்ளே பச்சை இழையம். நடுவில் ஒரு வளையம், அகத்தோல். அவ்வளையத்தினுள் நீரும் உணவும் செல்லும் கலன்கட்டு, சில இனங்களில் ஒன்று, சிலவற்றில் இரண்டு. 1893 இல் கேனே என்னும் ஜேர்மானியர் இந்த ஒன்று, இரண்டு என்ற வேறுபாட்டைக்கொண்டே பைன் சாதி முழுவதையும் இரு பெரும் பிரிவாக வகுத்தார்.

எங்கெல்மனைக் கவர்ந்தவை வேறு. பச்சை இழையத்தினூடே ஓடும் பிசின் குழாய்கள் சீவலிற் சிறு துளைகளாகத் தோன்றும். அவை இருக்கும் இடம் எங்கே என்று அவர் கேட்டார். சில இனங்களில் வெளி மதிலை ஒட்டியிருக்கும். சிலவற்றில் இழையத்தின் நடுவே இருக்கும். வேறு சிலவற்றில் உள்ளே அகத்தோலைத் தொட்டிருக்கும். யப்பானில் அருகருகே வளரும் செம்பைனையும் கரும்பைனையும் இவ்வாறே பிரித்தறியலாம். செம்பைனிற் குழாய்கள் ஓரத்தில், கரும்பைனில் நடுவில். இரண்டின் கலப்பு மரத்திலோ இருவிதமும் காணப்படும். பெற்றோர் இருவரின் சாயலும் பிள்ளையில் தெரிவதுபோல!

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்தில் பிசினும் டர்பன்டைனும் தரும் பைன் ஒன்று உண்டு. 1824 இல் ஸ்டீபன் எலியட் என்னும் தாவரவியலாளர் அதனை லொப்லொலி பைனின் ஒரு வகையென்றே எழுதினார். பின்னாளில், தென் கரோலினாவின் புளவ்டன் என்னும் ஊரிலிருந்த மெலிசாம்ப் என்ற மருத்துவர் அம்மரத்தின் மாதிரிகளை எங்கெல்மனுக்கு அனுப்பினார். லொப்லொலியிற் குழாய்கள் பெரும்பாலும் நடுவில். இதிலோ அகத்தோலை ஒட்டி. 1880 இல் எங்கெல்மன் இதனைத் தனி இனமாக அறிவித்து, முன்னவரை மறவாமல் 'பைனஸ் எலியட்டி' எனப் பெயரிட்டார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இன்று நான் பேச வந்திருக்க மாட்டேன். 1914 இல் 'பைனஸ் சாதி' என்ற புகழ்பெற்ற நூலை ஜோர்ஜ் ரசல் ஷோ வெளியிட்டார். அவர் தொழிலாற் கட்டடக் கலைஞர். ஊசியின் உள்ளமைப்பை நன்கறிந்தவர். அவர் எலியட்டியைக் கரிபியன் பைனுடன் ஒன்றாக்கிவிட்டார். கரிபியன் பைன், 1851 இல் மொரலே என்பவர் கியூபாவின் பைன் தீவிலிருந்து விவரித்த மரம். இரண்டிலும் குழாய்கள் அகத்தோலை ஒட்டியே இருக்கின்றன. லொப்லொலியிலிருந்து எலியட்டியைப் பிரித்துக் காட்டிய அதே அடையாளம், கரிபியன் பைனிடமிருந்து அதனைக் காக்கத் தவறிவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கரிபியன் பைன் வெப்பவலயத்து மரம். உறைபனி அதற்கு ஆகாது. எலியட்டி அதனிலும் குளிரைத் தாங்கும். காடு நடுகிறவனுக்கு வித்துப் பையின்மேல் எழுதிய பெயர் பிழையானால், நாற்றின் வாழ்வே பிழையாகும். ஆகவே, அமெரிக்க வனத் திணைக்களத்தைச் சேர்ந்த லிட்டில், டோர்மன் என்னும் இருவர் 1950 களின் தொடக்கத்தில் வழக்கை மீண்டும் விசாரித்தனர். ஊசியின் உள்ளேயும் வெளியேயும், கூம்பு, வித்து, வளருமிடம் ஆகிய எல்லாச் சாட்சிகளையும் நோக்கி, 1954 இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டும் வெவ்வேறு இனங்களென நிறுவினர். எங்கெல்மன் இறந்து அப்போது எழுபது ஆண்டுகளாகியிருந்தன.

எங்கள் மலைகளில் நாட்டப்பட்டது கரிபியன் பைன். இவற்றையெல்லாம் படித்தபின் விஞ்ஞான ஆசிரியரிடம் சென்று, "உமது சீவலை மட்டும் பார்த்து, இது எலியட்டியன்று, கரிபியன்தான் என்று சொல்வீரா?" எனக் கேட்டேன். அவர் மீண்டும் ஒருமுறை கண்ணாடியுட் குனிந்து பார்த்தார். பின்னர் நிமிர்ந்து, மாணவர் இருவரை அழைத்து, தோப்பிலே கூம்பு பொறுக்கி வரும்படி அனுப்பினார்.