வாசல் கழுவுறதும் வரலாறுதான்

வாசல் கழுவுறதுல என்னங்க பெரிய வரலாறுன்னு தோணும். ஆனா நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அந்தக் கதைக்கு வயசு 1400 வருஷம்.

ஏழாம் நூற்றாண்டு. ஒரு பக்கம் மகேந்திரவர்ம பல்லவன். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமே இல்லாம பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் கோயில் எடுத்தேன்னு விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டுப் பாறையில எழுதி வெச்ச ராஜா. இன்னொரு பக்கம், பண்ருட்டி பக்கத்துத் திருவாமூர்ல பிறந்த அப்பர். கையில உழவாரத்தோட ஊர் ஊராப் போய் கோயில் பிரகாரத்துல முளைச்ச புல்லைச் செதுக்கினவர். ரெண்டு பேரும் ஒரே காலம். அவர் கல்லைக் குடைஞ்சார், இவர் வாசலைச் சுத்தம் பண்ணினார். உழவாரப்பணிங்கிற பேரு இன்னைக்கும் நிக்குது.

சோழர் காலத்துல இது முறையான வேலையாவே ஆயிடுச்சு. கூட்டுறதுக்குத் திருவலகு, மெழுகுறதுக்குத் திருமெழுக்குன்னு பேர் சொல்லி, அந்த வேலைக்கு நிவந்தம் விட்ட கல்வெட்டுகள் இருக்கு. துடைப்பம், சாணம், தண்ணி. இதுல எதுவும் கல்லைத் தின்னாது. அழுக்கைத்தான் எடுக்கும்.

அப்புறம் மெஷின் வந்தது. 1870ல அமெரிக்காவுல பெஞ்சமின் டில்க்மன் மணல் வீச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். மணலை வேகமா அடிச்சா இரும்புத் துரு போகும், கண்ணாடியில கோலம் போடலாம், கல்லையே செதுக்கலாம். கவனிச்சீங்களா? அது பிறந்ததே செதுக்குறதுக்குத்தான். 1950ல ஜெர்மனியில ஆல்ஃபிரட் கார்ஷர் சுடுதண்ணியைப் பீச்சியடிக்கிற உயர் அழுத்த மெஷினைக் கொண்டு வந்தார். இன்னைக்கு நாம வாசல் கழுவ வாங்குற பிரஷர் வாஷர் அந்த வம்சம்.

நம்ம ஊர்க் கோயில்களுக்கு இதுல முதல்ல வந்தது மணல்தான். கும்பாபிஷேகம்னா சுவர்ல தலைமுறை தலைமுறையா அடிச்ச சுண்ணாம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, புகைக்கரி எல்லாம் போகணும். கையால தேய்ச்சா மாசக்கணக்காகும். கம்ப்ரஸர் வெச்சு மணலை அடிச்சா சில நாள்ல கல் பளிச்சுன்னு ஆயிடும். தமிழ்நாடு பூரா பல கோயில்கள்ல இப்படித்தான் 'சுத்தம்' பண்ணினாங்க.

என்ன பிரச்சனைன்னா, கருங்கல்லுல இருக்கிற கனிமங்கள்ல கெட்டியானது குவார்ட்ஸ். மணலும் பெரும்பாலும் அதே குவார்ட்ஸ்தான். சுண்ணாம்பு போன அடுத்த நிமிஷம் மணல் கல்லைத் தின்ன ஆரம்பிக்கும். சிற்பத்தோட மூக்கு, விரல், நகைன்னு மெல்லிசா இருக்கிறதெல்லாம் மழுங்கும். கல்லோட மேல்தோலு சொரசொரப்பாகி, அழுக்கு முன்னைவிட சீக்கிரமாவே பிடிக்கும். அடிக்கிற தொழிலாளிக்கோ அந்தத் தூசு நுரையீரல்ல போய் சிலிக்கோசிஸ் வரும், அதுக்குக் குணம் கிடையாது.

எல்லாத்தையும்விடப் பெரிய நஷ்டம் எழுத்து. விக்கிரவாண்டி வட்டாரத்து எண்ணாயிரத்தையே எடுத்துக்குவோம். அங்க ராஜேந்திர சோழன் காலத்துல 340 மாணவர்கள் படிச்ச கல்லூரி இருந்தது. இளையவங்க 270, மேல்படிப்பு 70. ரிக் வேதம் 75 பேர், யஜுர் 75 பேர், மேல்படிப்புல இலக்கணம் 25 பேர், மீமாம்சை 35 பேர், வேதாந்தம் 10 பேர்னு கணக்கு. இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? ஓலை மிஞ்சல, கட்டடமும் மிஞ்சல. கோயில் கல்லுல உளியால கீறின எழுத்துதான் சாட்சி. 1917ல அதைப் படியெடுத்தாங்க. ஈரக் காகிதத்தைக் கல்லுல ஒட்டி, பிரஷ்ஷால தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள்ள இறக்கி, மேல மை ஒத்தி எடுக்கிற வேலை. பள்ளம் இருந்தாத்தான் எழுத்து வெள்ளையா நிக்கும். பள்ளம் மழுங்கிட்டா காகிதத்துல வெறும் கறுப்புதான். (எண்ணாயிரத்துல மணல் அடிச்சாங்கன்னு சொல்லலைங்க. எது போகும்னு காட்டத்தான் இந்த உதாரணம்.)

திருப்பணியே வேண்டாம்னும் சொல்லலை. பக்கத்து எசாலத்துல 1987ல கோயில் திருப்பணி நடந்தப்பத்தான் ராஜேந்திரனோட செப்பேடு கிடைச்சது. வேலை நடக்கட்டும், எதை வெச்சு நடக்குதுங்கிறதுதான் கேள்வி. அமெரிக்காவுல பழைய கட்டடங்களுக்கு மணல் வீசாதீங்கன்னு அரசாங்கமே 1979ல தனிக் கையேடு போட்டது. நம்ம அறநிலையத்துறையும் பின்னாடி மணல் வீச்சுக்குத் தடை போட்டது. இப்போ அந்த இடத்துக்கு 'வாட்டர் வாஷ்' வந்திருக்கு.

தண்ணிதானேன்னு அலட்சியம் வேண்டாம். கார் டயர்ல காத்து சுமார் 32 பி.எஸ்.ஐ. வீட்டுக்கு விக்கிற பிரஷர் வாஷர் 1500லிருந்து 2000 பி.எஸ்.ஐ. வரைக்கும் போகும். வீட்டு வாசல்ல அடிக்கிறவங்க இதையெல்லாம் மனசுல வெச்சுக்கங்க:

- முதல்ல கூட்டுங்க. பாசியை சோப்புத் தண்ணியில ஊற வெச்சு, நார் பிரஷ்ஷால தேய்ங்க. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும்.
- ஊசி மாதிரி பாயுற சிவப்பு முனை (0 டிகிரி) வேண்டாம். விசிறி மாதிரி விரியுற வெள்ளை (40 டிகிரி) முனையைப் போட்டு, தள்ளி நின்னு சாய்வா அடிங்க. ஒரு மூலையில சோதிச்சுட்டு அப்புறம் மத்த இடம்.
- செங்கல், ரெட் ஆக்சைடு தரை, கல் இடுக்குச் சாந்து மேல நேரா அடிச்சா பேர்த்துக்கிட்டு வரும்.
- செருப்பு போடாம, கண்ணாடி போடாம நிக்காதீங்க. ஈரத்துல கரண்டு வேலை, அதனால ஆர்.சி.சி.பி. கட்டாயம். பீச்சுற தண்ணி தோலைத் துளைச்சு உள்ள போனா, காயம் சின்னதாத்தான் தெரியும். ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

வீட்டு வாசல் பேர்ந்தா சிமெண்ட் போட்டுப் பூசிக்கலாம். ஆயிரம் வருஷத்து எழுத்தைத் திரும்பக் கீற அந்தக் கல்தச்சன் வரமாட்டான். அதனால உங்க ஊர்க் கோயில்ல கும்பாபிஷேக வேலை ஆரம்பிச்சு கம்ப்ரஸர் சத்தம் கேட்டா, உள்ள போய் ஒரு வார்த்தை கேளுங்க: "அண்ணே, என்னத்த அடிக்கிறீங்க?"