இராகுவும் பஞ்சாங்கமும்

மருதனார்மடத்தில் நெடிதுயர்ந்து நிற்கும் ஆஞ்சநேயர் திருவுருவம் காண்போர்க்கு இராமதூதனையே நினைவூட்டும். உத்தரகாண்டம் கூறும் அவனது பிள்ளைப்பருவக் கதையோ வானத்தைப் பற்றியது. ஞாயிற்றைக் கனியெனக் கருதி அவன் தாவிய நாள் கிரகண நாளுமாம். தனக்குரியதைப் பிறனொருவன் கவர வந்தான் என்று இராகு இந்திரனிடம் முறையிட்டான் என்பது கதை.

கிரகணத்தைப் புராணம் இவ்வாறு உருவகித்தது. ஆயின், கி.பி. 500ஐ அண்டித் தோன்றிய ஆரியபடீயம் நிழலே அதற்குக் காரணம் என விளக்கிற்று. கணித நூலார்க்கு இராகு, சந்திரனின் பாதை ஞாயிற்றின் பாதையை வெட்டும் புள்ளி. தமிழர் வழங்கிய வாக்கிய முறையோ 248 வாக்கியங்களால் சந்திரனின் நிலையைக் கணித்தது. சந்திரன் தன் அண்மைப் புள்ளியை ஒன்பது முறை கடந்து மீளும் காலம் ஏறக்குறைய 248 நாள் என்பது இதன் அடிப்படையாகும்.

1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் நிகழ்ந்த சந்திரகிரகணம் யாழ்ப்பாணத்தில் பெரும் விவாதத்துக்கு இடமாயிற்று. அராலி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும், டானியல் பூவரை அதிபராகக் கொண்ட வட்டுக்கோட்டைச் செமினரியாரின் கணிப்பும் வேறுபட்டன. வானம் செமினரியார் பக்கமே நின்றது. மிஷனரிமார் இதனைப் புராணத்தின் தோல்வியாகக் காட்டினர். ஆழ்ந்து நோக்கின், அன்று மோதியவை கதையும் விஞ்ஞானமும் அல்ல, இரு கணிதங்களே. பழைய மாறிலிகளைத் திருத்தாது கையாண்டமையாற் பிழை பெருகிற்று. இன்றும் வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்கள் யாழ்ப்பாணத்தில் வழங்குவதும், சில விரதநாட்கள் வேறுபடுவதும் இவ்விவாதம் ஓயாமையைக் காட்டும்.

கனவும் காலக்கணிப்புக்குப் புறம்பாக நிற்கவில்லை. இரவின் எந்த யாமத்திற் கண்ட கனவு எக்காலத்திற் பலிக்கும் எனக் கனாநூல் வகுத்தது. விடியற்காலைக் கனவு விரைவிற் பலிக்கும் என்னும் நம்பிக்கை இன்றும் வீடுகளில் வாழ்கிறது. கம்பனின் சீதை துயில்வதில்லை. ஆதலின் அவளுக்குக் கனவுமில்லை. அவளுக்காகத் திரிசடை கண்ட கனவே அசோகவனத்தில் அவளது நம்பிக்கையைத் தாங்குகிறது. கணிதம் தரவியலாத உறுதியைக் கனவு தந்தது எனலாம்.

இம்மரபு கலையிலும் தொடர்கிறது. மருதனார்மடத்தில் இயங்கிய இராமநாதன் நுண்கலைக்கழகம் 1975இல் யாழ்ப்பாண வளாகத்துடன் இணைக்கப்பட்டது. பரதம் பயில்வோர்க்கு இலக்கணமாகிய அபிநய தர்ப்பணம், இராகுவைக் காட்டப் பாம்பின் தலையைக் குறிக்கும் சர்ப்பசீர்ஷ முத்திரையை வகுத்துள்ளது. நிழல் என்றறிந்த மாணவியின் கையிலும் பாம்பே படமெடுக்கிறது.

கிரகண வேளையிற் கோயிற் கதவு அடைக்கப்படுகிறது; விட்டபின் நீராடுகின்றனர். எப்பொழுது என்பதைக் கணிதம் சொல்கிறது. என்ன செய்வது என்பதைப் புராணம் சொல்கிறது. எனவே கணிப்பிற் பிழை கண்டவிடத்து அதனைத் திருத்துதல் மரபுக்கு இழுக்காகாது. திருத்த மறுப்பதே அம்மரபை வளர்த்த வான்நோக்கருக்குச் செய்யும் இழுக்காகும்.