மேற்கோள்குறி (ஆங்கிலம்)

ஆங்கிலத்தில் நேர்கூற்றின் இரு முனைகளிலும் இடப்படும் நிறுத்தற்குறி. அயற்கூற்றுக்கு இன்று இடப்படுவதில்லை, முன்பு இடப்பட்டதுண்டு.

இதன் முன்னோடி, பண்டைக் கிரேக்கச் சுவடிகளின் ஓரத்தில் காணப்படும் ‘டிப்லே’ என்னும் கோணக்குறி. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அறிஞர் அரிஸ்டார்க்கஸ், ஹோமரில் கவனிக்கத்தக்க வரிகளுக்கு இதை இட்டார். அச்சு வந்தபின் தலைகீழ்க் காற்புள்ளிகள் அவ்விடத்தைப் பிடித்தன. அப்போதும் அவை சுட்டியது பேச்சை அன்று, மனத்தில் இருத்தவேண்டிய நன்மொழிகளை. 1603இல் அச்சான ஹாம்லெட்டில், தந்தை மகனுக்குச் சொல்லும் அறிவுரை வரிகளின் தொடக்கத்தில் இவற்றைக் காணலாம். 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் மேற்கோள்குறி இல்லை. பேச்சின் தொடக்கத்தைப் பெரிய எழுத்தே காட்டுகிறது.

குறி பேச்சுக்கு உரியதானது 18ஆம் நூற்றாண்டு நாவல்களில். டீஃபோவின் ராபின்சன் குரூசோவில் (1719) உரையாடல் ‘என்றேன்’, ‘என்றான்’ என்பவற்றின் துணையோடு நகர்கிறது. ஓரிடத்தில் குரூசோவும் ஃப்ரைடேயும் பேசுவது நாடகம்போல் பெயரிட்டு அச்சாகியுள்ளது. ஃபீல்டிங்கின் ஜோசப் ஆண்ட்ரூஸ் (1742) காலத்தில் குறிகள் பரவிவிட்டன. இதற்கு நாவலாசிரியர்கள் காரணமா, அச்சகத்தாரா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. நீண்ட பேச்சானால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் குறி இட்டனர்; பக்கத்தின் இடப்புறம் காற்புள்ளிகள் அழகிய சரமாக இறங்கும். அயற்கூற்றும் குறிக்குள் அடைபட்டது: அவன், “தான் மறுநாள் வருவதாக” உறுதியளித்தான் என்பது போல. ஆளும் காலமும் மாறியிருக்கும், பேசியவரின் குரல் மட்டும் மாறாது. ஜேன் ஆஸ்டின் நாவல்களிலும் தொடரும் இந்த நயமான வழக்கம் பின்னர் அருகியது.

லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் (1795) மேற்கோள்குறிக்கு விதி சொன்னது. பிரிட்டனில் ஒற்றைக்குறியும் அமெரிக்காவில் இரட்டைக்குறியும் பெருவழக்காயின. இறுதிக் காற்புள்ளியை அமெரிக்கர் குறிக்குள் வைப்பது, ஈய எழுத்து உடையாமல் காக்கவே என்பர், இது உறுதிப்படவில்லை.

நாவலுக்கு வெளியே, பிரிட்டன் நாடாளுமன்றப் பேச்சுகள் நெடுங்காலம் அயற்கூற்றிலேயே பதிவாயின. 1909 முதல் அதிகாரபூர்வப் பதிவு தன்மையிடத்துக்கு மாறியது. இந்தியப் பள்ளிகளில் நெஸ்ஃபீல்டு இலக்கணமும், 1930களில் வந்த ரென்–மார்ட்டின் நூலும், நேர்கூற்றை அயற்கூற்றாக்கும் கூற்றுமாற்றத்தைத் தேர்வுப் பயிற்சியாக நிலைநிறுத்தின. ‘சேட் டு’ ‘டோல்டு’ ஆகும், ‘டுடே’ ‘தட் டே’ ஆகும் என்று தமிழ்நாட்டு மாணவர்கள் உருப்போட்டது இவ்வழியில் வந்ததே.

ஜேம்ஸ் ஜாய்ஸ் மேற்கோள்குறியை விலக்கிக் கோடு இட்டார். கார்மாக் மெக்கார்த்தியின் தி ரோடு (2006) நாவலில் உரையாடலுக்கு இரண்டுமே இல்லை.