மணலுக்குள் நடக்கும் நீர்

அன்புவழிபுரத்தில் கிணற்றடியொன்றைக் கடக்கும்போதெல்லாம் 2004 டிசெம்பர் 26 என் நினைவில் எழும். அன்று ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகளை உப்புநீரால் நிரப்பிச் சென்றது. உதவ வந்தோர் இயந்திரங்களால் மீண்டும் மீண்டும் இறைத்தனர். அதைப் பாராட்டி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

கரையோர மணலுக்குள் மழைநீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே தங்குகிறது. மிகையாக இறைத்தால் கீழுள்ள உப்பு மேலேறும். மணலூடே நீர் செல்லும் வேகம், நீர்மட்ட வேறுபாட்டையும் மணலின் தன்மையையும் பொறுத்தது என்பதை 1856இலேயே பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி டார்சி நிறுவிவிட்டார். அவ்வேகத்தை நம் அவசரம் மாற்றாது.

கிணறுகள் பலவற்றின் உவர்ப்பை மெல்லக் கழுவியது இயந்திரமன்று. அடுத்தடுத்து வந்த பருவமழையே. இரக்கத்தோடு நிலத்தின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நான் தாமதமாகவே கற்றேன்.