நிதி நிட்சேபம் யாருக்கு உரியது?

பழைய கிரயப் பத்திரங்களைப் படித்தவர்கள் ஒரு சொல்வரிசையை மறந்திருக்க மாட்டார்கள். நிலத்தின் நான்கு எல்லைகளையும் வரையறுத்த பின்னர், 'நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்' என்று அது தொடரும். விசயநகரக் காலத்து நிலக்கொடைச் சாசனங்களில் 'அட்டபோகம்' என்று கூறப்பெற்ற எட்டுவகை அனுபவ உரிமைகளின் எச்சமே இத்தொடர். நிதி என்பது புதையல். நிட்சேபம் என்பது மறைத்து வைக்கப்பெற்ற பொருள். இவை அனைத்தும் வாங்குபவருக்கே என்று பத்திரம் முழங்குகிறது. ஆதலின், தம் நிலத்தடியில் கிடைப்பது எதுவாயினும் தமக்கே உரியது என்று நிலவுடைமையாளர் பலரும் உறுதியாக நம்புகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. இது பழமையான செப்புத் திருமேனிகளைப் போற்றும் நம் சமூகத்தார் தெளிவாக அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

பண்டைய நெறி

மண்ணுள் மறைந்த செல்வத்தில் அரசுக்கும் பங்குண்டு என்னும் கருத்து ஆங்கிலேயர் கொணர்ந்தது அன்று. புதையலைப் பற்றி அரசுக்கு அறிவிப்பவருக்கு ஆறில் ஒரு பங்கு அளிக்குமாறு கௌடிலியரின் அர்த்தசாத்திரம் விதிக்கிறது. தன் முன்னோருடையது என்று மெய்ப்பிப்பவன் அதனைப் பெறலாம். மெய்ப்பிக்காமல் எடுத்துக்கொண்டவனுக்கு 500 பணமும், மறைவாக எடுத்தவனுக்கு 1,000 பணமும் தண்டம். எடுத்ததைக் காட்டிலும் மறைத்ததே பெருங்குற்றம் என்பது அதன் உட்கிடை. பிற்காலச் சட்டத்தின் உயிர்நாடியும் இதுவே.

1878ஆம் ஆண்டுச் சட்டம்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1878இல் இந்தியப் புதையல் சட்டம் இயற்றப்பெற்றது. மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புடைய எப்பொருளையும் அது 'புதையல்' என்றே வரையறுத்தது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருள் கிடைத்தால், கண்டெடுத்தவர் அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வடிவில் தெரிவித்தல் வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவோ, அதற்குப் பிணை தரவோ வேண்டும். உரிமை கோருவோர் நேரில் வருமாறு ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். அறிவிப்புக்கும் விசாரணை நாளுக்கும் இடையே நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் இடைவெளி அமையும்.

நூறு ஆண்டுகளுக்குள் தாமோ தம் முன்னோரோ மறைத்து வைத்தது என்று உரிமை கோருவோர் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வழியுண்டு. அவ்வாறு உரியவர் எவரும் இலராயின் பொருள் உடைமையாளர் அற்றதாக அறிவிக்கப்பெறும். அதன்பின், வேறு உடன்பாடு இல்லாவிடில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலவுடைமையாளருக்கு நான்கில் ஒரு பங்கும் சேரும். நிலத்துக்கு உரியவர் இங்கே பெறுவது சிறுபங்கே என்பதைக் கருதுக. அறிவிக்கத் தவறியவர் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறையும் அடையலாம். அதற்கு உடந்தையான நிலவுடைமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை.

இச்சட்டத்தில் ஒரு குறையும் உண்டு. புதையலை அரசே எடுத்துக்கொள்ளும்போது மூலப்பொருளின் மதிப்பையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் தந்தால் போதும் என்றது அது. ஆயிரம் ஆண்டுப் பழமைக்கும் சிற்பியின் கைத்திறனுக்கும் செம்பின் விலையில் ஐந்தில் ஒரு பங்குதானா? கண்டெடுத்த ஏழையைக் கள்ளச் சந்தையை நோக்கித் தள்ளும் கணக்கு அல்லவா இது?

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள் பிடியை மேலும் இறுக்கின. பாதுகாக்கப்பட்ட தொல்லிடமாக அறிவிக்கப்பெற்ற பகுதியில் நிலத்தின் சொந்தக்காரரே ஆயினும் நடுவண் அரசின் இசைவின்றி அகழ்தல் கூடாது என்கிறது 1958ஆம் ஆண்டுச் சட்டம். உழவுக்குக்கூட ஓரடி ஆழமே எல்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டுப் பழமையுடைய கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுத்தது. உரிமமின்றி வணிகம் செய்வதையும் விலக்கியது.

கருவியும் கடமையும்

இன்று 'மெட்டல் டிடெக்டர்' எனும் உலோகங்காண் கருவி எளிதில் விலைக்குக் கிடைக்கிறது. பொழுதுபோக்காக அதனைக் கொண்டு வயல்வெளிகளில் தேடுவோர் இங்கிலாந்தில் மிகப் பலர். அங்கும் நிலவுடைமையாளரின் இசைவு இன்றியமையாதது. புதையல் எனக் கருதத்தக்கது கிடைத்தால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம்.

அதற்கு முன்னரே, 1992இல், ஆக்சன் என்னும் சிற்றூரில் வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடச் சென்ற ஒருவரின் கருவி உரோமானியர் காலப் பொற்காசுகளைக் காட்டியது. அவர் மேலும் தோண்டாமல் உடனே தெரிவித்தார். தொல்லியலார் வந்து முறையாக அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகளும் அவை வைக்கப்பட்டிருந்த பேழையின் அமைப்பும் உலகுக்குத் தெரிய வந்தன. 2015இல் அந்நாட்டில் வேறிருவர் தமக்குக் கிடைத்த பழங்காசுக் குவியலை மறைத்து விற்றனர். அவர்கள் 2019இல் சிறை சென்றனர். காசுகளுள் பெரும்பாலானவை இன்றுவரை மீளவில்லை. கருவி ஒன்றே, அதனை ஏந்திய கைகளின் நெறிதான் வேறு.

நம் நாட்டுப் புதையல் சட்டம் கருவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏர் காட்டினாலும் மண்வெட்டி காட்டினாலும் மின்கருவி காட்டினாலும் அறிவிக்கும் கடமை ஒன்றே.

மண்ணே சாட்சி

1976இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவர் நடராசர் திருமேனியைக் கண்டார். அரசுக்கு அறிவிக்காமல் அது கைமாறியது, கடல் கடந்தது, இலண்டனில் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதனை வாங்கியது. வழக்கு எழுந்தபோது, அத்திருமேனி பத்தூரிலிருந்து சென்றதே என்று எவ்வாறு மெய்ப்பிப்பது என்ற வினா எழுந்தது. அவ்விடத்திலிருந்து கிடைத்த பிற திருமேனிகளோடு உலோகமும், ஒட்டியிருந்த மண்ணும், கரையான் தடங்களும் ஒப்புநோக்கப்பட்டன. பத்தூர்க் கோயிலின் உரிமையை ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. 1991இல் நடராசர் தாயகம் திரும்பினார்.

குசராத்தில் வடோதராவை அடுத்த அகோட்டாவில் 1951இல் வெளிப்பட்ட சமணச் செப்புத் திருமேனிகள் 68. உமாகாந்த் பி. ஷா அவற்றை ஆராய்ந்து 1959இல் நூலாக வெளியிட்டார். துறவு மேற்கொள்ளுமுன் அரச அணிகளுடன் விளங்கும் மகாவீரராகிய சீவந்தசுவாமி வடிவமும், ஜினபத்ரர் பெயர் பொறித்த பீடங்களும் அதனால் வரலாற்றில் இடம்பெற்றன. அப்பீடங்களை யாரேனும் பக்தி மிகுதியால் புளியிட்டுத் துலக்கி எழுத்தை மழுங்கச் செய்திருந்தால் நாம் எதனை அறிந்திருப்போம்?

ஆதலின் வயலிலோ வீட்டு அடித்தளத்திலோ தீர்த்தங்கரர் திருவுருவம் வெளிப்பட்டால், முதலில் தோண்டுவதை நிறுத்துக. கழுவவோ துலக்கவோ வேண்டா. கிடைத்த ஆழத்தையும் உடனிருந்த பொருள்களையும் குறித்துக்கொள்க. வட்டாட்சியர் வழியாக ஆட்சியருக்கு எழுதுக. ஊரார் உடனே அபிடேகம் செய்து எழுந்தருளச் செய்ய விழைவது இயல்பே. எனினும் ஜினாலயத்துக்கு உரியது என்று கோர விரும்பினால், அறிவிப்புக் காலத்துக்குள் சான்றுகளோடு கோருவதே வழி.

இவ்வறம் சிராவகருக்குப் புதியதன்று. பிறர் வைத்ததையும், தவறி வீழ்ந்ததையும், மறந்து விட்டதையும் எடாமையே கள்ளாமை அணுவிரதம் என்று சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இலக்கணம் வகுக்கிறது; அதன் வழியில் எழுந்த தமிழ் நூல் அருங்கலச்செப்பு. புதைபொருளும் பிறர் வைத்துச் சென்றதே. பத்திரம் 'நிதி நிட்சேபம்' என்று எழுதித் தந்தாலும், கொடுக்கப்படாததைக் கொள்ளாமை நம் விரதம். அதனைக் காப்பவர் சட்டத்தையும் காத்தவர் ஆவார். நம் முன்னோர் வரலாற்றையும் காத்தவர் ஆவார்.