ஆதிபகவன் வகுத்த பாடத்திட்டம்

கல்வி என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவன எண்ணும் எழுத்துமே. இசை, ஓவியம், உடல்நலம், விளையாட்டு ஆகிய நான்கும் தொடக்கப் பள்ளிகளில் நேரம் எஞ்சினால் நடத்தப்படும் பாடங்களாகிவிட்டன. ஆயின் நம் புராணங்களையும் காப்பியங்களையும் கற்கோயில்களையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, இந்நான்கும் எண்ணெழுத்தோடு உடன்பிறந்தவையாகவே போற்றப்பட்டமை புலனாகும். அவ்வுண்மையை நம் குடும்பங்களின் கவனத்திற்குக் கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தந்தையே ஆசான்

கி.பி. 9ஆம் நூற்றாண்டினரான ஜினசேனாசாரியர் வடமொழியில் இயற்றிய ஆதிபுராணம் முதல் தீர்த்தங்கரராகிய விருஷபதேவரின் வரலாற்றை விரித்துரைப்பது. தமிழில் மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணமும் அவ்வரலாற்றைக் கூறும். பகவான் துறவு பூணுமுன் தம் மக்களுக்குத் தாமே ஆசானாக அமர்ந்து கற்பித்த பகுதி, கல்வியில் ஈடுபாடுடைய எவரும் நின்று நோக்கத் தக்கது.

முதலில் மகளிர் இருவர்க்கும் பாடம் தொடங்குகிறது. பிராமிக்கும் சுந்தரிக்கும் வலக்கையால் எழுத்தையும் இடக்கையால் எண்ணையும் எழுதிக் காட்டினார் என்பது வரலாறு. பெண்மக்களை முன்னிறுத்திய இந்நெறி தமிழகத்தில் வீண்போகவில்லை. ஆதித்த சோழன் காலத்தில் வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலில் கனகவீரக் குரத்தியார் மாணாக்கர் ஐந்நூற்றுவருடன் விளங்கியதைக் கல்வெட்டு உரைக்கிறது.

எண்ணும் எழுத்தும் முடிந்தவுடன் பகவான் பாடத்தை நிறுத்தினாரல்லர். பரதனுக்குப் பொருள்நூலோடு நாட்டிய நூலையும், விருஷபசேனனுக்கு இசைநூலையும், அனந்தவிஜயனுக்கு ஓவியத்தையும் கட்டடக் கலையையும், பாகுபலிக்குப் பிற கலைகளோடு மருத்துவத்தையும் வில்வித்தையையும் கற்பித்தார். இன்றைய வழக்கில் சொல்வதாயின் இசை, ஓவியம், உடல்நலம், உடற்பயிற்சி என்னும் நான்கும் ஒரே தந்தையின் ஒரே பாடத்திட்டத்துள் அடங்கிவிட்டன. உலகியல் வாழ்வுக்கு அவர் வகுத்த ஆறு தொழில்களுள்ளும் அசி, மசி, கிருஷி, வாணிஜ்யம் ஆகியவற்றுடன் வித்தையும் சில்பமும் இடம்பெற்றமை இங்கு ஒப்பிட்டு எண்ணத் தக்கது.

குருதி சிந்தாப் போர்

உடற்பயிற்சி பற்றி நம் மரபு கொண்ட கருத்தைப் பரத பாகுபலி வரலாறு தெளிவாக்கும். இருபெரும் சேனைகள் எதிரெதிர் நின்றபோது, உடன்பிறந்தார் இருவரின் பூசலுக்காக எண்ணற்ற உயிர்கள் மாய வேண்டா என்று அமைச்சர்கள் கருதினர். திருஷ்டி யுத்தம், ஜல யுத்தம், மல்யுத்தம் என மூவகைப் போட்டிகளை வகுத்தனர். கண்ணிமையாது நோக்கலும், நீருள் நின்று பொருதலும், மற்போரும் ஆகிய இம்மூன்றிலும் பாகுபலியே வென்றார்.

இவை ஆயுதமின்றி, விதிக்குட்பட்டு, நடுவர் முன்னிலையில் நிகழ்ந்த போட்டிகள். அகிம்சையை உயிராகக் கொண்ட சமயம் உடல்வலியைப் பழிக்கவில்லை. அதனைக் கொலையினின்று பிரித்துப் பயிற்சியாக்கியது. தோற்ற பரதன் சினந்து சக்கரத்தை ஏவியதும், வென்ற பாகுபலி அனைத்தையும் துறந்து தவம் மேற்கொண்டதும் அடுத்து நிகழ்ந்தவை. தோல்வியைத் தாங்குதலும் வெற்றியில் அடங்குதலும் ஆடுகளத்தில் இளமையிலேயே பழக வேண்டிய பண்புகள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஓர் ஐயம்

துறவறத்தைத் தலையாகப் போற்றும் நம் சமயத்தில் ஆடலுக்கும் பாடலுக்கும் இடம் ஏது என்று நம்மவருள் சிலர் வினவுவதுண்டு. அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. புலன் நுகர்ச்சியாக மட்டும் கலையைக் கொள்வது நம் நெறிக்கு உடன்பாடன்று. ஆயின் விருஷபதேவரைத் துறவுக்குத் தூண்டிய நிகழ்ச்சி யாது? அவையில் ஆடிக்கொண்டிருந்த நீலாஞ்சனை ஆட்டத்தின் இடையே மறைந்த காட்சியே அன்றோ? நிலையாமையை அவர்முன் நிறுத்தியது ஒரு நடனம். கலையைக் கற்றுணர்ந்த கண்ணுக்கே அதனுள் மறைந்த மெய்ம்மையும் புலப்படும்.

தமிழ் மண்ணில் காணும் சான்றுகள்

திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியில் படைத்த தலைவன் அச்சணந்தி ஆசிரியரிடம் கலைபல கற்றவன். அக்கல்வி ஏட்டளவில் நிற்கவில்லை. காந்தருவதத்தையார் இலம்பகத்தில் யாழும் பாடலும், பதுமையார் இலம்பகத்தில் நஞ்சு தீர்க்கும் மருத்துவமும், கனகமாலையார் இலம்பகத்தில் வில்வித்தையும் அவனுக்குக் கைகொடுக்கின்றன. அத்தகைய கல்வி பெற்றவனே முடிவில் முத்தி இலம்பகத்துத் துறவியாகிறான்.

இளமையிலேயே கலைப்பயிற்சி தொடங்க வேண்டும் என்பதற்குச் சிலப்பதிகார அரங்கேற்று காதை சான்று தரும். மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் என்பர். அவ்வரங்கேற்றத்தின் பின்னே ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் எனத் துறைதோறும் வல்லுநர் நின்றனர். இன்றைய தொடக்கக் கல்வியின் வயதும் ஏறத்தாழ அதுவே என்பதை நினைவிற்கொள்க.

மதுரை மாக்காயனாரிடம் ஒருங்கு பயின்ற கணிமேதாவியாரும் காரியாசானும் தம் அறநூல்களுக்கு முறையே ஏலாதி, சிறுபஞ்சமூலம் என மருந்தின் பெயர்களையே சூட்டினர். ஏலம், இலவங்கம், மிளகு, திப்பிலி, சுக்கு முதலியன உடற்பிணி தீர்ப்பது போல் அறம் உயிர்ப்பிணி தீர்க்கும் என்பது கருத்து. மருந்தின் இயல்பை அறிந்த மாணாக்கனுக்கே இவ்வுவமை விளங்கும். நால்வகைத் தானங்களுள் மருந்துதானமும் ஒன்றாதல் நாம் அறிந்ததே.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் தாமரைப் பொய்கையும், மலர் கொய்யும் பவ்வியர்களும், தூண்களில் ஆடல் மகளிரும் ஓவியமாக விளங்குகின்றனர். 9ஆம் நூற்றாண்டில் அக்குகைக் கோயிலைப் புதுப்பித்த இளங்கௌதமனைக் கல்வெட்டு மதுரை ஆசிரியன் என்றே சுட்டுகிறது. ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387ஆம் ஆண்டளவில் எழுப்பிய மண்டபத்திற்குச் சங்கீத மண்டபம் என்றே பெயர். அதன் விதானத்தில் விருஷபதேவர், வர்த்தமானர் முதலியோரின் வரலாறுகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பெற்று, தமிழ்க் குறிப்புகளுடன் திகழ்கின்றன. படமும் எழுத்தும் இணைந்த அவ்விதானத்தை அந்நாளைய பாடநூல் என்றே கூறலாம்.

பிரிவு நேர்ந்த வரலாறு

இவ்வொருமை எப்பொழுது சிதைந்தது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் தேர்வு முடிவுக்கேற்ப மானியம் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் மாணவர் தேறினால்தான் பள்ளிக்குப் பணம். தேர்வுக்கு அகப்படாத கலைகள் தாமே ஒதுங்கின. 1904ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானம் அம்முறையைக் கைவிடச் செய்தபோதிலும், அது விதைத்த மனப்பான்மை நிலைத்துவிட்டது.

1937ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டின் விளைவாக அமைந்த ஜாகிர் உசேன் குழு, கைத்தொழிலை நடுவாகக் கொண்டு இசையையும் ஓவியத்தையும் பாடத்திட்டத்தில் சேர்த்தது. ஆதாரக் கல்வி எனப்பெற்ற அத்திட்டம் நாடெங்கும் வேரூன்றவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, கலைக்கும் உடல்நலம் மற்றும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, அதுவும் 100 மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிகளுக்கே குறிக்கிறது. முதல் ஐந்து வகுப்புகளுக்கு அத்தகைய தனியாசிரியர் பற்றிய விதி அதில் இல்லை. குரலும் விரலும் தசையும் எளிதில் வளையும் பருவத்தில் பயிற்றுவார் இன்றி, அப்பருவம் கடந்தபின் பயிற்றுநரைத் தேடும் நிலையே இதன் பயன்.

அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, விளையாட்டுப் பாடவேளை கணக்குப் பாடத்திற்குக் கடனாகக் கொடுக்கப்படுவதை ஆசிரியப் பணியில் இருந்தோர் அனைவரும் அறிவர். அக்கடன் திருப்பித் தரப்பட்டதை யாரும் கண்டதில்லை. பெற்றோரும் அதுபற்றி வினவுவதில்லை. மதிப்பெண் குறைந்தால் பள்ளிக்கு விரையும் நாம், பிள்ளை ஓராண்டாக ஒரு பாட்டும் கற்கவில்லை என்பதற்காகச் சென்றதுண்டோ?

நாம் செய்யத் தக்கன

பள்ளி தராததை இல்லமும் ஜினாலயமும் தரவியலும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. விடுமுறைக் காலச் சமய வகுப்புகளில் தோத்திரங்களை மனப்பாடமாக ஒப்புவிக்கச் செய்வதோடு நில்லாது, தாளமிட்டுப் பண்ணோடு பாடப் பழக்கலாம். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர் பாட்டாகப் பாடியே சொல்வளம் பெற்றனர் என்பதை மறத்தலாகாது.

இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் இலாஞ்சனங்களை வரையச் செய்தல் நல்லதோர் ஓவியப் பயிற்சி. எருது, யானை, குதிரை, குரங்கு, தாமரை, பிறை, ஆமை, சங்கு, பாம்பு, சிங்கம் என உயிரினமும் மலரும் வடிவமும் அதில் உள்ளன. வாரத்திற்கு ஒன்றாக வரையும் ஆறு வயதுக் குழந்தை, அரையாண்டில் வரிசையையும் தவறின்றிக் கற்றுவிடும்.

நீரை வடிகட்டிப் பருகுவதும் கதிரவன் மறையுமுன் உண்பதும் நம் இல்லங்களின் நோன்புகள். ஏன் என்று குழந்தை வினவும்போது, பிறவுயிர் ஓம்புதலோடு தன்னுடல் ஓம்புதலும் அதில் அடங்கியிருத்தலை எடுத்துரைப்பின், அதுவே உடல்நலப் பாடமாகும். மாலையில் ஒருமணி நேரம் ஓடி ஆட விடுதலும், தோற்ற பிள்ளையை ஏளனம் செய்யாமையும் பெற்றோர் கடன்.

எழுத்தைப் பிராமிக்கும் எண்ணைச் சுந்தரிக்கும் தந்த அதே கைகள்தாம் இசையையும் ஓவியத்தையும் மருத்துவத்தையும் வில்வித்தையையும் தந்தன. அவற்றுள் இரண்டை மட்டும் ஏற்று ஏனையவற்றைக் கைவிடுவது தந்தையின் சொத்தில் பாதியை வேண்டாமென விடுவதை ஒக்கும். முழு உரிமையையும் நம் பேரன் பேத்தியர்க்குப் பெற்றுத்தருவோம். அறம் வளர்க! அருகன் அருள் பெருகுக!